பச்சைத் தூள் உதிர்க்கும் குடை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளப் பாத்திகளில் வேலை நின்றுபோகும். உப்பேறிய அந்தச் சேற்றில் காளான் முளைக்காது. அது முளைப்பதெல்லாம் மேட்டு நிலத்தில்: தோப்புப் புல்லில், மாடு மேயும் தரிசில், புற்றடியில், கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்து நிற்பது போன்ற உலர் பசுமைமாறாக் காடுகளின் இலைமக்கில்.

மழைக்குப் பின் தமிழகப் புல்வெளிகளில் எழும் நச்சுக்காளான்களில் நான் முதலில் அடையாளம் காட்ட விரும்புவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். பார்க்க அழகானது, சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட விரியும். வெள்ளைக் குடை, உச்சியில் பழுப்புத் திட்டு, அதைச் சுற்றிச் சிதறிய பழுப்புச் செதில்கள். தண்டில் ஒரு வளையம். விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகரும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். குழந்தைகளுக்கு உடல் நீர் வற்றுவது உயிராபத்து.

ஏமாற்றுவது அதன் இளமைதான். குடையின் அடித்தகடுகள் முதலில் தூய வெள்ளை. வித்து முதிரும்போதுதான் சாம்பல் கலந்த பச்சையாகும். அதனால் பறித்ததும் பார்ப்பது போதாது. தண்டை நறுக்கிவிட்டு, விரிந்த குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் தகடு தகடாகப் பச்சைத் தூள் படிந்திருந்தால் இதுதான். நாம் விரும்பி உண்ணும் புற்றுக்காளானோ இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்க்கும்; அதன் தண்டு வேராக நீண்டு புற்றுக்குள் இறங்கும்.

பச்சை இல்லை என்பதாலேயே அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. அமானிட்டா இனத்துக் கொலைகாரக் காளான்களின் தூள் வெள்ளை. அவற்றின் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. வாந்தி வரும்போது கல்லீரல் சிதையத் தொடங்கியிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பயனற்ற சோதனை. அமானிட்டாவையும் புழு தின்னும்.

சந்தேகம் வந்தபின் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மிஞ்சிய காளானை, சமைத்ததாயினும், காகிதத்தில் பொதிந்து கையோடு கொண்டுபோங்கள்.