கட்டிடத்தின் நினைவு

ஒரு மழைக்காலத்தில் கடலூரில் உள்ள பழைய அலுவலகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கீழ்த்தளத்தில் குழாய் உடைந்து நீர் பெருகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது? ஒருவருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்றுவிட்ட குழாய்க்காரப் பெரியவர் ஒருவரைத் தேடி அழைத்து வந்தார்கள். படிக்கட்டின் அடியில் கிடந்த மர அலமாரியை நகர்த்தச் சொன்னார். வால்வு அதன் பின்னே இருந்தது. அதற்குள் இரண்டு மணி நேரம் நல்ல தண்ணீர் சாக்கடையில் கலந்துவிட்டது. “எனக்குப் பிறகு என்ன செய்வீர்கள், ஐயா?” என்று கேட்டார் அவர். நேயர்களே, அக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சு.

கட்டிடத்தை எழுப்புவது ஓரிரண்டு ஆண்டு வேலை. பேணுவதோ தலைமுறை வேலை. இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கோயிலைப் பழுதுபார்ப்பதற்கென விட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். சிதம்பரம் கோயிற் சுவர்களில் கொடைகளின் கணக்கு இன்றும் கல்லிலே நிற்கிறது. கட்டிடமே தன் கணக்கைத் தாங்கி நின்றது.

இன்று அக்கணக்கைக் கணினி தாங்குகிறது. ‘கட்டிடத் தகவல் மாதிரி’ என்பது அதன் பெயர். வரைபடத்தில் கோடு வெறும் கோடே. மாதிரியிலோ அது குழாய். எந்த ஆண்டு பதித்தது, எந்த வால்வு அதை மூடும், அடுத்த பழுதுபார்ப்பு எப்போது என்ற செய்திகள் அதனோடு பிணைந்திருக்கும். நீர்மானியையும் மின்மானியையும் அதனோடு இணைத்தால், ஆளில்லா அறையில் ஓடும் குளிர்சாதனமும் இரவில் கசியும் தொட்டியும் வெளிப்பட்டுவிடும். பழைய கட்டிடங்களையும் லேசர் கதிரால் அளந்து இவ்வாறு பதியலாம். 1973-இல் திறக்கப்பட்ட சிட்னி ஆப்பெரா மாளிகைக்கும் பராமரிப்பின் பொருட்டு இத்தகைய மாதிரி பின்னாளில் அமைக்கப்பட்டது.

நமக்கு இது ஆடம்பரமா? 2004-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம் ஆகிய மூன்றையும் கண்டது கடலூர் மாவட்டம். வெள்ளம் வரும் வேளையில் மருத்துவமனையின் ஜெனரேட்டர் எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்த மின்தொடர்பை முதலில் துண்டிப்பது என்று ஆராய நேரம் ஏது? முன்பே தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் போனால் கணினியும் உறங்கும். ஆகவே முக்கியமான பக்கங்களை அச்சிட்டுச் சுவரில் மாட்டுவதும் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. குழாயை மாற்றுகிறவர் அன்றே மாதிரியிலும் மாற்றாவிட்டால், அது பொய் சொல்லத் தொடங்கும். பொய்யான மாதிரியை விட மாதிரி இல்லாமையே மேல்.

பொருள் வசதியற்ற அலுவலகங்கள் என்ன செய்வது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அப்பெரியவருடன் ஒரு நாள் முழுதும் கட்டிடத்தைச் சுற்றினோம். பதினேழு வால்வுகளைக் குறித்துக்கொண்டோம். அவற்றுள் மூன்று அவர் ஒருவருக்கே தெரிந்தவை. அந்தக் குறிப்பேடே எங்கள் மாதிரியின் முதற்பக்கம். உங்கள் கட்டிடத்தை அறிந்த பெரியவர் இருக்கும்போதே அவருடன் ஒருமுறை நடந்து பாருங்கள்.