லைசென்ஸ் எண் எதற்கு உத்தரவாதம்?

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் உறுதியானதும், ஜூலை 3 அன்று புதுச்சேரி நலவழித்துறை அங்கே பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். குடிநீரில் குளோரின் கலந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள், நீர் வற்றிய உடம்புக்கு ஓஆர்எஸ் கொடுத்தார்கள். இவற்றில் எதுவும் புதிதல்ல, விலை கூடியதும் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்த்து ஏற்கப்பட்டது. 1971-ல் வங்காளதேசப் போரின்போது, எல்லையோரம் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலநபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பி வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 ஆக இறங்கியது. பாட்டி வைத்தியம் போலத் தெரியும் இந்த ஓஆர்எஸ் கரைசலை உலகமே மருந்தாக ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் கணக்கும், பின்னால் வந்த ஆய்வுகளும்தான் காரணம்.

மருத்துவம் பற்றிய அரசின் கொள்கை முழுவதற்கும் இந்த ஒரே அளவுகோல் போதும். மருந்து தமிழ்ச் சுவடியிலிருந்து வந்ததா, ஜெர்மனியிலிருந்து வந்ததா, அமெரிக்கக் கம்பெனியின் ஆய்வகத்திலிருந்து வந்ததா என்று பார்க்கவே வேண்டாம். சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களை விடக் குணம் கூடுதலாகக் கிடைத்ததா, அதற்கு உடம்பு என்ன விலை கொடுத்தது என்று கேட்டால் போதும். நம் நாட்டுச் சட்டம் இந்தக் கேள்வியைச் சில மருந்துகளிடம் கறாராகக் கேட்கிறது, சிலவற்றிடம் கேட்பதே இல்லை. அந்த இடைவெளியில் விழுந்து அடிபடுபவர்கள் நோயாளிகள்.

மஞ்சள் காமாலையைப் பாருங்கள். டெல்டா மாவட்டங்களில் ஆஸ்பத்திரிக்கு முன்பே நாட்டு மருந்தைத் தேடிப் போகும் நோய்களில் இது முதன்மையானது. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுப்பார்கள். உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது. சில வாரங்களில் கண்ணில் இருந்த மஞ்சள் போய்விடும், வைத்தியருக்குப் பேர் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. அசுத்தமான தண்ணீர் வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, மருந்தே இல்லாமல் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். ஆனால் காமாலை என்பது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களின் அடையாளம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும், கணையத்தில் புற்றுநோய் வந்தாலும், குடியால் கல்லீரல் சுருங்கினாலும், தேங்கிய வயல்நீரில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் கண் மஞ்சளாகத்தான் ஆகும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. நோய் தானாகத் தணிந்தவர் ஊரெல்லாம் சொல்கிறார். அடைப்பு முற்றிய நோயாளி கடைசியில் பெரியாஸ்பத்திரியில் இறக்க, அந்தச் சாவு ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுதப்படுகிறது. அனுபவம் ஏமாற்றுவது இப்படித்தான்: பிழைத்தவர்களின் சாட்சி மட்டுமே நம் காதுக்கு வருகிறது. வயலில் பாம்பு கடித்தவருக்குப் பச்சிலை கொடுத்துப் பேர் வாங்குவதும் இதே கணக்கு. கடித்த பாம்புகளில் பல விஷமற்றவை, விஷப் பாம்பும் சில கடியில் விஷத்தை இறக்குவதில்லை. கண்ணாடி விரியன் விஷத்தை இறக்கிவிட்டாலோ, விஷமுறிவு ஊசி போட வேண்டிய மணி நேரங்கள் பச்சிலையில் கழிந்துவிடும்.

கீழாநெல்லியை யாரும் சோதிக்காமல் ஒதுக்கிவிடவில்லை. சோதித்தவர்களே தமிழர்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்தக் கிருமியை நெடுநாளாக உடம்பில் சுமப்பவர்களில் ஒரு சாராருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடியும், இன்னொரு சாராருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் அமைப்பு 2011-ல், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னது. தமிழ் மூலிகைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. ஆனால் சோதனைக்கு அனுப்பியவர்கள் அதன் தீர்ப்பையும் ஏற்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு இன்று கையில் இருக்கும் காவல், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசி.

மருந்து டப்பாவில் லைசென்ஸ் எண் இருந்தால் அரசு சோதித்துப் பார்த்துத்தான் அனுமதித்திருக்கும் என்று மக்கள் நினைப்பது இயல்பு. மருந்து விதிகளின் 158பி பிரிவு என்ன சொல்கிறது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். சட்டத்தின் அட்டவணையில் உள்ள சித்த, ஆயுர்வேத, யுனானி நூலொன்றில் சொன்னபடி மருந்தைச் செய்து, அதே நூல் சொல்லும் நோய்க்கு விற்றால், பாதுகாப்பு பற்றிய ஆய்வு கேட்கப்படுவதில்லை. பலனுக்கு நூலின் மேற்கோளே ஆதாரமாகிவிடுகிறது. ஆக, அந்த எண் தொழிற்சாலைக்கு அனுமதி உண்டு என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருப்பது நோயைத் தீர்க்கும் என்பதை அல்ல. பாதரசம், தாளகம், ஈயம் சேரும் பற்பங்கள், செந்தூரங்கள் விஷயத்தில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததை ராபர்ட் சேப்பர் குழு 2004-ல் ஜாமா இதழில் எழுதியது. இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த உலோகங்கள் இருந்ததாக 2008-ல் அதே குழு காட்டியது. முறையாகச் சுத்தி செய்தால் நஞ்சு நீங்கிவிடும் என்று பதில் சொல்கிறார்கள். நீங்கியதா என்பதை ஒவ்வொரு தொகுதி மருந்திலும் அளந்து, அந்த அளவை டப்பாவிலேயே அச்சிடட்டும். அளப்பது இன்று கடினமே இல்லை.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறதே, பலனில்லாமலா நிலைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் நோயாளியின் ரத்தத்தை வடிய விடும் வைத்தியம் இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தது. எண்ணிப் பார்க்கத் தொடங்கியதும் அது போய்விட்டது. பழமைக்குள் பொன் இருப்பதும் உண்மை. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை பம்பாயில் டாக்டர் ருஸ்தம் வக்கீல் நோயாளிகளிடம் அளந்து 1949-ல் எழுதினார், உலகம் அதை எடுத்துக்கொண்டது. சீனாவின் பழைய மருத்துவ நூல் தந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்த டு யூயூ 2015-ல் நோபல் பெற்றார். சித்த மருத்துவம் தமிழரின் அறிவுச் செல்வம் என்று நெஞ்சாரச் சொல்பவர்களே அதற்கு இப்படியொரு வாய்ப்பைக் கேட்டுப் போராட வேண்டும். 2012-லும் 2017-லும் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. கொடுத்த வார்டுகளையும் கொடுக்காத வார்டுகளையும் முறையாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வாக அதை அமைத்திருந்தால், இன்று வாதமே தேவைப்பட்டிருக்காது. அந்த வாய்ப்பை நழுவவிட்டது சித்த மருத்துவத்துக்கே செய்த அநீதி.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா? 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. மன்னிக்க முடியாத குற்றம். ஆனால் குற்றம் வெளிப்பட்ட வழியைக் கவனிக்க வேண்டும்: பாட்டிலை ஆய்வகத்தில் அளந்தார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள், உரிமையாளரைக் கைது செய்தார்கள். நவீன மருந்தின் கேட்டுக்கு மருந்து கூடுதல் சோதனையே. அந்தக் கேட்டைக் காட்டி மற்ற மருந்துகளுக்குச் சோதனையிலிருந்து விலக்குக் கேட்பது முறையாகாது.

பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு காரைக்காலில் குறைவு என்பதால், அந்த நாடு எடுத்த முடிவு இங்கே பொருந்தும். ஹோமியோபதி மருந்துகளுக்கு பிரெஞ்சு அரசின் மருத்துவக் காப்பீடு நெடுங்காலம் பணம் கொடுத்துவந்தது. லட்சக்கணக்கானவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள், தயாரிக்கும் கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனிதான். அரசின் சுகாதார மதிப்பீட்டு அமைப்பு ஏறத்தாழ 1,200 மருந்துகளை எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு, பொதுப்பணம் கொடுக்கப் போதிய பலன் இல்லை என்று 2019-ல் சொன்னது. 2021 ஜனவரி 1 முதல் பணம் நின்றது. தடை ஏதும் இல்லை, வேண்டுபவர் சொந்தக் காசில் வாங்கலாம். தனிமனிதனின் விருப்பத்துக்கும் வரிப்பணத்தின் பொறுப்புக்கும் இடையே அவர்கள் போட்ட இந்தக் கோட்டைப் புதுச்சேரி அரசும் போடலாம்.

மக்கள் நாட்டு வைத்தியரிடம் போவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வைத்தியர் உட்காரவைத்துப் பேசுகிறார், ஓபி-யில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. சிறப்பு மருத்துவருக்காக புதுச்சேரி ஜிப்மருக்குப் போக ஒரு நாள் கூலி போகிறது. ஆதாரமுள்ள மருத்துவம் ஆதாரமற்றதை வெல்ல வேண்டுமானால், அது கைக்கெட்டும் தூரத்திலும் மரியாதையோடும் கிடைக்க வேண்டும். காரைக்காலில் நிரந்தர நிபுணர்களைக் கேட்பதும் இந்தப் போராட்டத்தின் பகுதியே.

சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் பாதுகாப்புகள் சிறியவை அல்ல. 1954-ன் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு, மாரடைப்பு போன்ற இதய நோய்கள், சிறுநீரகக் கல், மலட்டுத்தன்மை உள்ளிட்ட 54 நோய்நிலைகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்குகிறது. சுவரெழுத்து, நோட்டீஸ், கேபிள் டிவி எதுவானாலும், எந்த மருத்துவ முறையானாலும், மந்திரித்த தாயத்தானாலும் இது பொருந்தும். முதல் முறை ஆறு மாதம் வரை, மறுமுறை ஓராண்டு வரை சிறை. ஆயுஷ் விளம்பரங்களுக்கு முன்அனுமதி கேட்ட, மருந்து விதிகளின் 170-ம் விதியை மத்திய அரசு 2024 ஜூலையில் நீக்கியது, பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை போட்டது, 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்ததோடு அந்தத் தடையும் போய்விட்டது. 1954-ன் சட்டத்தை இந்த விதி நீக்கம் தொடவில்லை. பதிவு இல்லாமல் நவீன மருத்துவம் பார்ப்பவருக்கு 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பரம்பரை வைத்தியர் என்ற பெயர் மட்டும் வைத்தியம் பார்க்கும் உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் கட்டிய பொடியை வாங்காதீர்கள். டப்பாவில் சேர்மானம், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். இன்சுலின், காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை மூன்றையும் யார் நிறுத்தச் சொன்னாலும், அவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மருந்தால் பாதிப்பு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம், எந்த நாட்டு மருந்து சாப்பிட்டோம் என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்கவும் வேண்டாம்.

காரைக்காலில் இருப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மருந்தை மயிலாடுதுறையிலோ நாகப்பட்டினத்திலோ வாங்கியிருப்பார், அதைத் தயாரித்தவர் தமிழ்நாட்டு உரிமத்தில் செய்திருப்பார். மருந்தின் தரம் பற்றிய புகார் டப்பாவில் உள்ள உரிமத்தைக் கொடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும். விளம்பரம் காரைக்கால் சுவரில் இருந்தால் புகார் காரைக்கால் காவல் நிலையத்துக்கும் நலவழித்துறைக்கும் போக வேண்டும். பொய் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மீதும் அதில் நடித்த பிரபலத்தின் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, 1915-ஐ அழைத்து முறையிடலாம். இழப்பீடு கேட்பதற்கு எல்லை தடையாக இருப்பதில்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், தான் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. ரசீது, மீதி மருந்தோடு டப்பா, விளம்பரத்தைத் தேதியோடு எடுத்த படம், பின்னால் ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவை கையில் இருக்க வேண்டும். ரசீது தர மறுக்கும் வைத்தியரிடம் மருந்து வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.