எல்லைக்கோடு அறியா யானைகள்

2025ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், அன்னையர் தினத்தன்று அதிகாலையில், பேராக்கின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் யானைக்கன்று ஒன்று லாரி மோதி உயிரிழந்தது. லாரிக்கு அடியில் சிக்கிய கன்றை மீட்கத் தாய் யானை தன் தலையால் வாகனத்தை முட்டித் தள்ளிப் போராடியது. அவ்விடத்தை விட்டு நெடுநேரம் அகலவே இல்லை. அக்காட்சி மலேசியர் பலரைக் கண்கலங்க வைத்தது.

அந்தச் சாலைக்கு வடக்கே உள்ளது ரோயல் பெலும் மாநிலப் பூங்கா. 2007ஆம் ஆண்டில் அரசிதழில் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 117,500 ஹெக்டர். இது சிங்கப்பூரைவிடப் பெரியது. புலி, யானை, தாப்பிர் ஆகியவற்றோடு பத்து வகை இருவாய்ச்சிப் பறவைகளும் இப்பகுதியில் வாழ்கின்றன. மரம் வெட்டவும் வேட்டையாடவும் இங்குத் தடை உண்டு. இவ்வளவு பெரிய காடு காக்கப்பட்டும் யானைகள் ஏன் வெளியே வருகின்றன?

பூங்கா அமைப்பதன் முதல் பயன், காடு அழியாமல் நிற்பதாகும். ஆனால், சட்டம் மட்டுமே விலங்குகளைக் காத்துவிடாது. வேட்டைக்காரர்கள் கம்பிக் கண்ணிகளை வைத்துப் புலிகளைக் கொன்றனர். இன்று தீபகற்ப மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. பூர்வக்குடியினரும் இடம்பெற்ற சுற்றுக்காவல் குழுக்கள் காட்டுக்குள் தொடர்ந்து நடந்து தேடியபின்னரே பெலும், தெமெங்கோர் காடுகளில் கண்ணிகள் வெகுவாகக் குறைந்தன.

யானைகளின் நிலை வேறு. மலேசியாவில் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைக் கண்காணித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. யானைகள் தங்கள் காலத்தில் பாதிக்கும் மேலாகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே கழிக்கின்றன என்று அது காட்டியது. காரணம் உணவே. அடர்ந்த முதுகாட்டில் வெயில் தரையை எட்டுவது அரிது. புல், மூங்கில் போன்றவை வெளிச்சம் விழும் காட்டோரங்களிலும் சாலையோரங்களிலுமே செழித்து வளர்கின்றன.

சுங்கை சிப்புட் போன்ற இடங்களில் முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. இளஞ்செம்பனையின் குருத்து யானைக்கு விருப்பமான உணவு. கூட்டம் ஒன்று நுழைந்தால், சிறுதோட்டக்காரரின் பல மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிவிடும். அவருடைய இழப்பை எண்ணாமல் யானையைக் காக்கச் சொல்வது நியாயமாகாது. மின்வேலி அமைப்பதும், பிடித்த யானைகளைத் தொலைவான காடுகளில் விடுவதும் ஓரளவுக்கு உதவுகின்றன. எனினும், இடம் மாற்றப்பட்ட யானைகளுள் சில, பழகிய வழியைத் தேடித் திரும்பி நடக்கின்றன.

ஆகவே, பூங்காவைக் காப்பதோடு அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் கவனிக்க வேண்டும். கிரிக் அருகே விலங்குகள் அடியில் கடந்து செல்ல மேம்பாலம் கட்டப்பட்டுள்ளது. காடுகளை இணைக்கும் பசுமை வழித்தடங்கள், பயிர் இழந்தோருக்கு உதவி, இரவில் மிதமான வேகம் ஆகியவையும் தேவை. வரைபடத்தில் நாம் வரைந்த கோடு யானைக்குத் தெரியாது. அந்தக் கோட்டைத் தாண்டி வரும்போதும் அதற்கு உயிர்ப் பாதுகாப்பு இருந்தால்தான் பூங்கா அமைத்த நோக்கம் முழுமை பெறும்.