செலவறிந்து செல்க: ஐரோப்பாவுக்கு முதற் பயணம்

மாதேசுவரன் மலைக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களைக் கோபிநத்தம் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. தோளில் ஒரு துணி மூட்டை. அதற்குள் மாற்று வேட்டி ஒன்று, போர்வை ஒன்று, ஒரு வேளைக்குக் கட்டுச்சோறு. கண்ட மண்டபத்தில் படுக்கை. கண்ட ஓடையில் குளியல். மலைக்குச் சென்று சேர்ந்தால் பிரசாதம். கடன் வாங்கிக் கொண்டு மாதேசுவரனைக் காணப் போனவர் என்று ஒருவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் முதுகில் பையை மாட்டிக் கொண்டு ஐரோப்பாக் கண்டத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறார்கள். விரும்பட்டும். கொள்ளேகால் தாலுகா 1-11-1956 அன்று கோவை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டு மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே நம் சங்கத்தாருள் சிலர் ஊர் பெயர்ந்து வந்தவர்கள். சிலருக்கோ ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாநிலம் பெயர்ந்து விட்டது. எல்லை என்பது கடப்பதற்கே என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடக்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

பழந்தமிழில் ‘செலவு’ என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் பிரிவுக்கு அஞ்சித் தயங்கி நின்றால் அதனைச் ‘செலவழுங்கல்’ என்றார்கள். இக்காலத்தில் அச்சொல்லுக்குப் பணம் கரைவது என்றே பொருள் கொள்கிறோம். இரண்டு பொருளும் ஒன்றாய்ச் சந்திக்கும் இடந்தான் வெளிநாட்டுப் பயணம்.

ஒரு வீட்டுக் கணக்கு

சங்கத்து அன்பர் ஒருவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், வயது 24. பதினெட்டு நாட்களில் ஏழு நாடுகளைப் பார்த்து வரத் திட்டமிட்டிருந்தான். அவன் போட்ட மதிப்பு 3,60,000 ரூபாய். கையில் இருந்தது 1,80,000. மீதிப் பாதிக்குத் தாயார் தம் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்க முன்வந்தார். “அவன் ஆசைப்பட்டுக் கேட்கிறான்; சங்கிலி எங்கே போகிறது, மீட்டுக் கொள்ளலாம்” என்றார். தந்தையாருக்கு மனம் ஒப்பவில்லை. நாம் இரயில்வேயில் எழுத்தர் என்பதால், தாளும் பென்சிலுமாக நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றிரவு நாம் முதலில் குறைத்தது பணத்தையன்று, நாடுகளை. ஏழு நாடுகள் மூன்றாயின: ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி. பயணத்தில் பெருஞ்செலவு நிற்பதனால் வருவதன்று, நகர்வதனால் வருவது. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் வண்டிக் கட்டணம் உண்டு. பாதி நாள் வீணாதல் உண்டு. அவசரத்தில் அகப்பட்ட விடுதியில் அகப்பட்ட விலைக்குத் தங்குதலும் உண்டு. ஓர் ஊரில் நான்கு நாள் இருப்பவனுக்கோ எந்தக் கடையில் ரொட்டி மலிவு என்பது இரண்டாம் நாளே தெரிந்து விடும்.

அடுத்து, போகும் மாதத்தை மாற்றினோம். ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் ஐரோப்பியருக்கே விடுமுறைக் காலம். விமானமும் விடுதியும் விலையேறி நிற்கும். நடுக்குளிர்காலத்திலோ கம்பளி ஆடைக்கே தனிச் செலவாகும். மே மாதம் போவதாயிருந்தவனைச் செப்டம்பர் இறுதிக்கு ஒத்திப் போடச் சொன்னோம். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது பின்னால் விளங்கும்.

யூரோ ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டு எழுதிய கணக்கு இது. விமானப் போக்குவரத்து 55,000. விசா, அதன் சேவைக் கட்டணம், காப்பீடு 14,000. தங்குமிடம் இரவுக்கு 30 யூரோ வீதம் 18 இரவுக்கு 54,000. உணவு நாளுக்கு 15 யூரோ வீதம் 27,000. இரயிலும் ஊர் வண்டிகளும் 30,000. நுழைவுச் சீட்டுகளுக்கு 10,000. ஆபத்துக்கு உதவும் தொகை 20,000. ஆக மொத்தம் 2,10,000. கையிருப்புப் போகக் குறைவது 30,000. மாதம் 6,000 வீதம் ஐந்து மாதம் சேர்த்தால் குறை தீர்ந்தது. ஒத்திப் போட்டதன் காரணம் இப்போது விளங்குமல்லவா? சங்கிலி கழுத்திலேயே இருக்கலாயிற்று.

பணமின்றிச் சென்றவர்கள்

பணமே இல்லாமல் ஐரோப்பா சென்றவர்களும் நம் நாட்டில் உண்டு. 1961-ல் அணுகுண்டை எதிர்த்துப் போராடிய அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் தம் 89-ஆம் வயதில் சிறை சென்றார். பெங்களூரில் இருந்த சதீஷ் குமார், இ. பி. மேனன் என்னும் இரு இளைஞர்கள் இச்செய்தியைப் படித்தார்கள். அணுகுண்டு வைத்திருந்த நாடுகளின் தலைநகரங்களாகிய மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் நான்குக்கும் நடந்தே சென்று சமாதானம் வேண்டுவதென முடிவு செய்தார்கள். ஆசி பெறச் சென்றபோது, கையில் காசு வைத்துக் கொள்ளாமல் போகும்படி வினோபா பாவே சொன்னார். 1962 ஜூன் 1 அன்று தில்லியில் காந்தியடிகள் சமாதியிலிருந்து புறப்பட்டு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக உருசியாவை அடைந்து, அங்கிருந்து மேற்கே நடந்தார்கள். கடலை மட்டும் கப்பலில் கடந்தார்கள். கிடைத்த வீட்டில் உண்டு, இடம் தந்த வீட்டில் உறங்கினார்கள்.

அந்தத் துணிவை வணங்குவோம். ஆனால் இன்று அவ்வாறு செய்ய இயலாது. ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த 29 நாடுகளுக்கு ஒரே விசா போதும். அதற்கு விண்ணப்பிப்பவர் தம் செலவுக்குப் பணம் உண்டென்று வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். விசாக் கட்டணம் 11-6-2024 முதல் பெரியவர்க்கு 90 யூரோ; விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக வைத்துக் கொள்ளலாகாது. இலண்டனையும் பார்க்க எண்ணினால் பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கில் காட்டுவதற்கென்று கைமாற்று வாங்கிப் பணம் போட்டு, விசா கிடைத்ததும் எடுத்துத் திருப்பித் தரும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கணக்கைச் சோதிப்பவர் திடீரென்று வந்து விழுந்த தொகையை அறியாதவர் அல்லர். அதனால் விண்ணப்பமும் போகும், கட்டணமும் போகும், வட்டி மட்டும் நிற்கும். மாதந்தோறும் சிறுகச் சேர்ந்து வந்த கணக்கே சிறந்த சான்று. விசா கைக்கு வருமுன், திருப்பித் தர இயலாத சீட்டு எதையும் வாங்குதல் கூடாது.

இரயில் வழி

விமானச் சீட்டு வாங்கும்போது ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புமாறு வாங்கினால், வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். அவ்விளைஞன் மியூனிக்கில் இறங்கி உரோமாபுரியிலிருந்து திரும்பினான்.

ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்கென 1959 முதல் யூரெயில் சீட்டு இருந்து வருகிறது. இப்போது 33 நாடுகளில் அது செல்லும். 27 வயது வரையில் உள்ளோர்க்குச் சலுகையும் உண்டு. ஆனால் அது எப்போதும் மலிவன்று. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் விரைவு வண்டிகளில் அச்சீட்டோடு இருக்கைப் பதிவுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும். பல நாடுகளில் நாள்தோறும் வண்டியேறுவோர்க்கு அது இலாபம். மூன்று நான்கு நெடும் பயணம் மட்டும் செய்வோர் முன்கூட்டியே தனித்தனிச் சீட்டு வாங்கினால் பெரும்பாலும் அதைவிடக் குறையும். இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

உள்ளூர் வண்டிகளுக்கான சலுகைகளையும் கேட்டறிய வேண்டும். ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் ஒரு நாள் சீட்டு ஒன்று உண்டு. அதை வாங்கியவர் அம்மாநிலத்துச் சாதாரண வண்டிகளில் அன்று எத்தனை முறையும் ஏறலாம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பின்னர் ஏற வேண்டும் என்பதே கட்டுப்பாடு. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரையிலும் அது செல்லும். ஐவர் வரை ஒரே சீட்டில் சேர்ந்து போகலாம். ஆளுக்கு ஆள் செலவு குறையும். லக்சம்பர்க் நாட்டிலோ 2020 முதல் இரயில், பேருந்து யாவும், முதல் வகுப்பு நீங்கலாக, எவருக்கும் இலவசம்.

வியன்னாவிலிருந்து உரோமாபுரிக்கு இரவு வண்டியில் போனால் ஒரு விடுதி இரவு மிச்சம். மலிவு விமானம் என்று விளம்பரம் செய்வதைக் கண்டு மயங்க வேண்டாம். பாரிஸ் என்று சொல்லி அவை இறக்கும் பொவே விமான நிலையம் நகருக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்துக் கட்டணமும் பைக்குத் தனிக் கட்டணமும் சேர்ந்தால் மலிவு பறந்து விடும்.

தங்குமிடமும் உணவும்

இளைஞர் விடுதி என்னும் ஏற்பாடு ஓர் ஆசிரியரின் கருணையில் பிறந்தது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்பவர் 1909-ல் மாணவரோடு நடைப்பயணம் போனபோது பெருமழையில் சிக்கி, ஒரு கிராமப் பள்ளியில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளெல்லாம் இப்படிப் பயன்படலாகாதா என்று எண்ணினார். 1912-ல் ஆல்ட்டனா கோட்டையில் நிலையான விடுதி ஏற்பட்டது. இன்று உலகெங்கும் இத்தகைய விடுதிகள் உள்ளன. ஒரே அறையில் ஆறு, எட்டுக் கட்டில்கள், பொதுக் குளியலறை, பல விடுதிகளில் பொதுச் சமையலறை. பூட்டு ஒன்றும் துண்டு ஒன்றும் கையோடு கொண்டு போக வேண்டும்.

நடக்க விரும்புவோர்க்கு ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதை இருக்கிறது. யாத்திரைப் புத்தகம் ஒன்றை வாங்கி, தங்குமிடந்தோறும் முத்திரை பெற்றுக் கொண்டு நடப்பவர்க்கு ஊர்தோறும் எளிய சத்திரங்கள் உண்டு. அரசாங்கச் சத்திரங்களில் இரவுக்குப் பத்து யூரோ அளவிலேயே இடம் கிடைக்கும். கடைசி 100 கிலோமீட்டரேனும் நடந்தவர்க்குச் சான்றிதழ் தருகிறார்கள். மாதேசுவரன் மலை ஏறிய கால்களுக்கு அது புதிதன்று.

உணவுக்கு உணவகத்தை நம்பினால் பணம் கரையும். அங்காடியில் ரொட்டி, பழம், தயிர் வாங்கலாம். விடுதிச் சமையலறையில் சோறு வடிக்கலாம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று பெரும்பாலான அங்காடிகள் மூடியிருக்குமாதலால் சனிக்கிழமையே வாங்கி வைத்தல் வேண்டும். தாய்மார்கள் கவனிக்க: இறைச்சியும் பாற்பொருள்களும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டு போக வெளிநாட்டார்க்கு அனுமதியில்லை. அன்போடு கட்டிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் சுங்கச் சாவடியில் குப்பைக்குப் போகும். பருப்புப்பொடியும் அவலும் போதும். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். உரோமாபுரித் தெருக்களில் குடிநீர்க் குழாய்கள் இடையறாது ஓடுகின்றன. வியன்னாவின் குழாய்களில் வருவது மலையூற்று நீர்.

இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசம். கடைகளில் அட்டையால் பணம் கட்டும்போது ‘யூரோவிலா, ரூபாயிலா’ என்று கேட்டால் யூரோவில் என்றே சொல்ல வேண்டும்; ரூபாயில் என்றால் மாற்று விகிதத்தில் நட்டம்.

ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும், பாரிசின் லா சப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகளும் இருக்கின்றன. அங்குள்ளவர்களிற் பலர் ஈழத்திலிருந்து எல்லாம் இழந்து சென்று உழைத்து உயர்ந்தவர்கள். அவர்களுடைய விருந்தோம்பலை இலவச விடுதியாக எண்ணுதல் தகாது. அழைத்தால் போகலாம், ஒரு நாள் தங்கலாம், பாத்திரம் துலக்கிவிட்டு வரலாம்.

முடிவு

ஐப்பசியில் அவ்விளைஞன் திரும்பி வந்து திண்ணையில் கணக்கை ஒப்படைத்தான். ஆபத்துக்கு வைத்திருந்த 20,000-ல் 12,000 மிச்சம். போன 8,000-ல் பாதிக்கு மேல் அபராதம்! இத்தாலியில் சாதாரண வண்டிகளுக்குரிய காகிதச் சீட்டை ஏறுமுன் நிலையத்துப் பொறியில் முத்திரையிட வேண்டும் என்று நாம் மும்முறை சொல்லியிருந்தோம். ஓடிப்போய் ஏறிய அவசரத்தில் மறந்து விட்டானாம். பிழை தன்னுடையதே என்று ஒப்புக் கொண்டான். அத்தொகையைத் தனியே வைத்திராவிட்டால் அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் அழுதிருப்பான்.

தாயார் கணக்கை வாங்கிப் பார்க்கவில்லை. “வேளைக்குச் சாப்பிட்டானா என்று மட்டும் கேளுங்கள்” என்றார். கழுத்தில் சங்கிலி கிடந்தது. மகன் அதைப் பார்த்தான். பிறகு, அடுத்த ஆண்டு பெற்றோர் இருவரையும் காசிக்கு அழைத்துப் போக எவ்வளவு ஆகும் என்று நம்மைக் கேட்டான். மீண்டும் தாளும் பென்சிலும் எடுத்தோம்.