டெங்கியை ஒடுக்க வரும் கொசுக்கள்

உங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழே ஒருவர் குப்பியைத் திறந்து கொசுக்களைப் பறக்கவிட்டால் பதறாதீர்கள். அவை ஆண் கொசுக்கள், கடிக்க மாட்டா. முட்டையிடுவதற்காக இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே.

சிங்கப்பூரில் 2016 முதல் விடப்படும் இந்த ஆண் ஏடிஸ் கொசுக்களின் உடலில் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா உள்ளது. பல பூச்சிகளில் அது இயற்கையாகவே வாழ்கிறது. அந்த ஆணுடன் வோல்பாக்கியா இல்லாத பெண் இணைந்தால் முட்டைகள் பொரிக்காது. கொசுக்கள் படிப்படியாகக் குறையும்.

மலேசியாவின் வழி வேறு. சிலாங்கூரில் 2017இல் தொடங்கிய ஆய்வில் ஆண், பெண் இரண்டுமே விடப்பட்டன. பெண் கொசு வோல்பாக்கியாவைத் தன் சந்ததிக்குக் கடத்தும். அதைச் சுமக்கும் கொசுவின் உடலில் டெங்கிக் கிருமி எளிதில் பெருகாது. கொசு இருக்கும், கடிக்கும். ஆனால் நோயைப் பரப்புவது குறையும். கொசுக்கள் விடப்பட்ட இடங்களில் டெங்கிச் சம்பவங்கள் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

அப்படியானால், பூச்சாடித் தட்டில் தேங்கும் நீரை இனிக் கொட்ட வேண்டாமா? கட்டாயம் கொட்ட வேண்டும். அந்த நீரில் புதிய கொசுக்கள் பெருகிக்கொண்டே இருந்தால், ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் கொசுக்கள் எண்ணிக்கையில் தோற்றுவிடும்.