‘தோல்வி’ என்ற சொல்லை நம்பும் முன்…

மளிகைக் கடையில் யுபிஐ வழியாகப் பணம் செலுத்துகிறோம். திரை சற்று நேரம் சுழன்றபின், ‘பரிவர்த்தனை தோல்வி’ என்கிறது. மீண்டும் செலுத்துகிறோம். மாலையில் கணக்கைப் பார்த்தால், இருமுறை பற்று வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பரிவர்த்தனை உண்மையில் தோற்கவில்லை. எதிர்முனையின் விடை வந்துசேரத் தாமதமாயிற்று, அவ்வளவே. ‘நிலுவையில் உள்ளது’ என்று திரை சொல்லியிருந்தால் நாம் காத்திருந்திருப்போம்.

பிழைச் செய்தியே பிழையாக அமைவது வங்கிச் செயலிகளில் மட்டும் நிகழ்வதன்று. மென்பொருள் வல்லுநர்களும் இதில் சிக்குவதுண்டு. லினக்ஸ் கணினியில் ஒரு நிரல் எங்கே தடுமாறுகிறது என்பதைத் தடம் பற்றிக் காண ‘எஸ்ட்ரேஸ்’ என்னும் கருவி உதவுகிறது. இயங்குதளத்திடம் நிரல் கேட்டவற்றையும் பெற்ற விடைகளையும் அது வரிவரியாகக் காட்டும். கண்ணெதிரே இருக்கும் கோப்பை இயக்கும்போது, ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்ற விடை சில வேளைகளில் வரும். உண்மையில் இல்லாதது அந்தக் கோப்பு அன்று. அதை இயக்க வேண்டிய மற்றொரு நிரல். கருவியும் இயங்குதளத்தின் சொற்களையே திருப்பிச் சொல்வதால், தேடல் தவறான இடத்தில் தொடங்குகிறது. எது இல்லை என்று பெயர் சொல்லியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும்.

நல்ல பிழைச் செய்தி மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: என்ன நடந்தது? பணம் இப்போது எங்கே இருக்கிறது? அடுத்து என்ன செய்ய வேண்டும்? ‘இசட் 9’ என்ற குறியீடு நமக்கு எதையும் உணர்த்தாது. ‘கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்ற தொடர் உடனே விளங்கும்.

செய்திகள் செம்மையாகும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ‘தோல்வி’ என்று கண்டதும் மீண்டும் செலுத்தாமல், முதலில் கணக்கு இருப்பைச் சரிபார்ப்போம். பற்று வைக்கப்பட்டிருந்தால், அப்பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பெண்ணைக் குறித்துவைப்போம். பணத்தின் தடத்தைக் காண வங்கிக்கு அதுவே வழிகாட்டி. பற்று வைக்கப்பட்டும் உரியவருக்குச் சேராத யுபிஐ தொகை, தனிநபருக்கு அனுப்பியதாயின் பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த 1 நாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியதாயின் 5 நாள்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

திரையின் ஒரு சொல் தடுமாறலாம். கணக்கின் பதிவைப் பார்த்தபின் நாம் தடுமாற வேண்டியதில்லை.