கபடியில் மூலையில் நிற்பவருக்கு ஏன் கோடி ரூபாய்?

2023 புரோ கபடி ஏலத்தில் ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயியைப் புனேரி பல்டன் அணி 2.35 கோடிக்கு எடுத்தது. அவர் இடது மூலையில் நிற்கும் கார்னர். பாடி வரும் ரெய்டரின் கணுக்காலைப் பிடிப்பதுதான் அந்த இடத்தின் முக்கிய வேலை. அதற்கா இவ்வளவு?

மயிலாப்பூர் குளத்துப் படியில் இறங்கிப் பாருங்கள். ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது, ஊன்றிய காலை எடுக்க முடியுமா?

ரெய்டருக்கும் அதே கதிதான். திரும்புவதற்காக உடல் எடை முழுவதையும் ஒரு காலில் இறக்கும் நொடியில், அந்தக் கால் அசையாது. கார்னர் பாய வேண்டியது அப்போதுதான். முந்தினால் கால் நழுவும். தொட்ட பாவத்துக்கு எதிரணிக்குப் புள்ளி.

சரி, அதிக ரெய்டர்களைப் பிடித்தவரை வாங்கிவிடலாமே? அங்கேதான் ஏமாறுவோம். ஓர் அணியின் இரண்டு ரெய்டுகள் அடுத்தடுத்து வெறுமையானால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் ரெய்டர் அவுட். வேறு வழியின்றி உள்ளே வந்து அவரே மாட்டுவார். அந்தப் பிடிகள் கார்னரின் கணக்கை ஊதிக் காட்டும்.

எனவே, அவசரமில்லாத ரெய்டரை மடக்கியது எத்தனை முறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாய ஆசை வந்தும் பாயாமல் நின்ற தருணங்களுக்கு நான் இன்னும் கூடுதல் மதிப்பெண் போடுவேன். ஸ்கோர் அட்டையில் அவை வருவதே இல்லை. அவற்றைக் காண, தமிழ் தலைவாஸ் அணியின் பழைய ஆட்டங்களில் வலது கார்னர் சாகர் ராட்டியை மட்டும் கவனித்துப் பாருங்களேன்.